மிகக் குறைந்த விலைப்புள்ளியில் ஒரு ரேஸ் டிரைவர்

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் கொள்முதல் பிரிவு தாண்டவராயனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய வலது காலைத் தெரியாதவர்கள் கிடையாது. உட்கார்ந்தால் போதும், ஆட ஆரம்பித்துவிடும். கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் ரசம் நிற்காது. ஆபீஸ் கூட்டங்களில் மேஜையே லேசாக நடுங்கும். நில அதிர்வு என்று நினைத்து ஒரு விஞ்ஞானி எழுந்து ஜன்னல் பக்கம் போனதாகக்கூடச் சொல்வார்கள்.

டாக்டர் வைட்டமின் குறைவு என்றார். ஜோசியர் சனி என்றார். விருத்தாசலத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்து, கல்யாணம் செய்து, குவார்ட்டர்ஸ் வாங்கி, தலையில் பாதி முடியையும் இழந்த பிறகு, நாற்பத்து மூன்றாவது வயதில் தாண்டவராயனே உண்மையைக் கண்டுபிடித்தார். அந்தக் கால் இத்தனை வருஷமாக ஆக்ஸிலரேட்டரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

கண்டுபிடித்த இடம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். கூட வேலை செய்கிறவருக்கு யாரோ கொடுத்த பாஸ் ஒன்று மீந்துபோயிருந்தது. ஓசி என்பதால் போனார். போன இடத்தில் அந்தக் கார்களைப் பார்த்தார். கூரை இல்லை. கதவு இல்லை. மட்கார்டு இல்லை. பக்கத்து ஸீட் இல்லை. நான்கு சக்கரமும் நண்டுக்கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு மனிதனைப் படுக்கவைத்துச் செருகியிருந்தார்கள். அது கத்திக்கொண்டு எதிரே பாய்ந்து போனபோது, தாண்டவராயனின் கால் ஒரு கணம் ஆடாமல் நின்றது.

வீட்டுக்கு வந்து, இதை ஓட்டப்போகிறேன் என்று மனைவி ரத்னாவிடம் போட்டோ காட்டினார். மதுராந்தகத்துக்காரியான ரத்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"விலை என்ன?"

சொன்னார்.

"கூரை இல்ல, கதவு இல்ல, ரெண்டு பேர் உக்கார முடியாது. இவ்ளோ இல்லாததுக்கு இவ்ளோ விலையா?"

"வாங்கப் போறதில்ல ரத்னா. வாடகைக்குத்தான். ஒரே ஒரு ரேஸ்."

இந்த இடத்தில் தாண்டவராயனின் தொழில் தர்மத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஆபீஸில் ஒரு ஸ்க்ரூ வாங்குவதானாலும் மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்பார்கள். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு எல்-ஒன் என்று பெயர். ஆர்டர் எல்-ஒன்னுக்கே போகும்; கடவுளே இரண்டாவது குறைந்த விலை சொன்னாலும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபது வருஷம் அப்படி வாங்கி வாங்கி, தாண்டவராயனுக்கு அது ரத்தத்தில் கலந்துவிட்டது. தண்ணீர் கேன், பல் டாக்டர், மொட்டையடிக்கும் நாவிதர் எல்லாமே எல்-ஒன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் மூணு வீடு பாத்துட்டுதானே வந்தீங்க, நானும் எல்-ஒன்தானா?" என்று ரத்னா ஒருமுறை கேட்டாள். அவர் நியாயமாக யோசித்து, "உன் விஷயத்துல நெகோஷியேஷன் நடந்துச்சு" என்றார். இரண்டு நாள் அவருக்குச் சாம்பாரில் உப்பு விழவில்லை.

அதே முறையில்தான் அவர் ரேஸ் டிரைவராகவும் கிளம்பினார்.

முதலில் பயிற்சிப் பள்ளி. ரேஸ் லைசென்ஸ் வேண்டுமென்றால் அங்கே படித்துத் தேற வேண்டும். பள்ளிகள் இரண்டுதான் விலை சொன்னன. மூன்றாவது கிடைக்காத வருத்தத்திலேயே பணத்தைக் கட்டினார். கார் எப்படித் திரும்ப வேண்டும், வளைவின் எந்த இடத்தில் உள் ஓரத்தைத் தொட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதை அவர் திருக்கழுக்குன்றம் ரோட்டில் வேகன்-ஆரில் ஒத்திகை பார்த்தார். பக்கத்தில் காய்கறிப் பையோடு ரத்னா.

"இங்கே அகலமா வந்து, இப்ப உள்ள வெட்டி, வெளியே விடணும். புரியுதா?"

"புரியுது. வெளியே விடற எடத்துல பஸ்ஸு வருது."

அடுத்தது உடை. நெருப்புப் பிடிக்காத கோட்டு மட்டும் என்று நினைத்திருந்தார். கையுறை, சாக்ஸ், முகமூடி, உள்பனியன், உள்ளே போடும் நீளக் கால்சட்டை வரைக்கும் நெருப்புப் பிடிக்கக் கூடாதாம். ஒவ்வொன்றுக்கும் சர்டிபிகேட் வேண்டுமாம். கால்சட்டை விலையைக் கேட்டு ரத்னா சமையல்கட்டிலிருந்தே வந்துவிட்டாள். "ஒம்பதாயிரமா? என் பட்டுப்புடவையை விட ஜாஸ்தி. அது யார் கண்ணுக்குத் தெரியப்போவுது?"

"தெரியற மாதிரி ஆச்சுன்னா அதான் விபத்து" என்றார் தாண்டவராயன் கம்பீரமாக.

கோட்டுக்கும் மூன்று விலைப்புள்ளி. எல்-ஒன்னாக வந்தது, பிளஸ் டூவோடு ரேஸை விட்ட ஒரு பையனின் பழைய கோட்டு. போட்டுக்கொண்டு நிற்கலாம், மூச்சு விட்டால் ஜிப் முனகும். அதைக்கூடத் தாண்டவராயன் சமாளித்திருப்பார். ஆனால் ரேஸுக்கு முந்தின நாள் பரிசோதனையில், கழுத்துப்பட்டியில் இருக்க வேண்டிய முத்திரை துவைத்துத் துவைத்து வெளுத்துப்போயிருந்ததைக் கண்டுபிடித்து ஓரமாக வைத்துவிட்டார்கள். வேறு கோட்டு அன்றைக்கே வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு மூன்று விலைப்புள்ளி கேட்க நேரமில்லை. அந்தக் கோட்டுக்குள் அவர் கடைசிவரை நெளிந்துகொண்டே இருந்தது அளவு சரியில்லாததால் மட்டுமல்ல.

கார் விஷயம் தனிக் காவியம். கோயம்புத்தூர் டீம் ஒரு விலை, சென்னை டீம் ஒரு விலை, சிங்கப்பெருமாள்கோயிலில் தகரக் கொட்டகையும் மூன்று பழைய கார்களும் வைத்திருந்த பூபாலன் ஒரு விலை சொன்னார்கள். பூபாலனுடையது மற்றவர்களுடையதில் பாதி. அட்வான்ஸை வாங்கிப் பையில் போட்ட பிறகுதான் பூபாலனுக்குப் பேச்சு வந்தது.

"இன்னா சார் யோசிக்கிறீங்க? வண்டி தங்கம் சார். டயருதான் தனி."

"டயர் இல்லாம எப்படிப் பூபாலன் ஓடும்?"

"ஓடாது சார். அதான் தனியா சொல்லிகினு கீறேன்."

பெட்ரோல் தனி. மெக்கானிக் பேட்டா தனி. அவர்களுக்கு நாஸ்தா தனி. அப்புறம் டேமேஜ் டெபாசிட், ஒரு லட்சத்து இருபதாயிரம். கார் முழுசாகத் திரும்பி வந்தால் ஞாயிறு சாயங்காலமே கையில் கொடுத்துவிடுவார். அடிபட்டால், யார் மேல் தப்பானாலும், அதிலிருந்துதான் பிடிப்பார். குறைந்த விலைப்புள்ளியில் எழுதியிருப்பதெல்லாம் விலை. எழுதாமல் விட்டதெல்லாம் செலவு. இதை ஆபீஸில் பத்து வருஷம் ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவர் தாண்டவராயன்தான்.

டெபாசிட்டுக்கு அவர் கையில் பணம் இல்லை. இருந்தது ஒரே பணம். திருப்போரூரில் ஒரு மனைக்காக ஐந்து வருஷம் சேர்த்தது. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, வருகிற புதன்கிழமை ரெஜிஸ்ட்ரேஷன். பாக்கித்தொகை ரத்னாவின் கணக்கில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. முழுத்தொகையும் வராவிட்டால் மனையை வேறு பார்ட்டிக்குத் தள்ளிவிடுவேன் என்று புரோக்கர் திருநாவுக்கரசு தினம் ஒருமுறை போன் செய்து அன்பாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

தாண்டவராயன் இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தார். பால்கனிக்குப் போனார், வந்தார். மாமல்லபுரத்துக்கு டீ குடிக்கப் போனார், குடிக்காமல் திரும்பினார். நடுநடுவே பிரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார். மூன்றாம் நாள் ரத்னாவே கேட்டாள்.

"எவ்ளோ?"

சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அது முழுசா என் கையில இருக்கணும். ஒரு கீறல் விழக்கூடாது."

"ரேஸுன்னா லேசா உரசும்மா."

"அப்ப மெதுவா ஓட்டுங்க."

"ரேஸ்ல எப்படி மெதுவா ஓட்டறது?"

"கடைசியா வாங்க. கடைசியா வர்றதுக்கு ஒண்ணும் செலவு இல்லையே."

மறுக்க முடியாத வாதம். தாண்டவராயன் அதை ஏற்றுக்கொண்டார். நாற்பத்து மூன்று வயதில் ஒருமுறை அந்தக் காரில் படுத்து ஓட்டிவிட்டால் போதும். இடம் எதுவானால் என்ன என்று தனக்கே எடுத்துச் சொன்னார். புத்தி கேட்டுக்கொண்டது. வலது கால் கேட்டுக்கொண்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு கார்கள், பத்து சுற்று. தாண்டவராயன் பன்னிரண்டாவதாக நின்றார். ரத்னா தடுப்புக்கு அப்பால் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டார்ட் விளக்கு அணைந்ததும் முன்னால் இருந்தவர்கள் எல்லாம் புகையாகிப் போனார்கள். முதல் வளைவிலேயே இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மண்ணில் போய் உட்கார்ந்தார்கள். தாண்டவராயன் அவர்களைக் கடந்தபோது அவர் மனசில் தோன்றியது இரக்கமல்ல, ஒரு தொகை. மூக்குப்பகுதி இவ்வளவு, முன் இறக்கை இவ்வளவு, சக்கரத்தைத் தாங்கும் கம்பி இவ்வளவு.

அதற்கப்புறம் டிராக் முழுக்க அவருக்கு விலைப்பட்டியலாகவே தெரிந்தது. மூன்றாவது வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனால் அடிப்பலகை தேயும். தடுப்புச் சுவர் பக்கம் போனால் திருப்போரூர் மனையில் வடகிழக்கு மூலை காலி. அவருக்கு முன்னால் ஆதித்யா என்ற பையன் ஓட்டினான். அப்பா கூடுவாஞ்சேரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பையனுக்கு உடைந்தால் அடுத்த வண்டி வரும். அந்தத் தெம்பில் ஓட்டினான். ஆனால் கடைசி வலது வளைவுக்கு ஒவ்வொரு முறையும் வேகமாக வந்து, பிரேக் பத்தாமல் வெளியே அகலமாகப் போனான். உள்பக்கம் ஒரு கார் நுழையும் வழி பளிச்சென்று திறந்தது. தாண்டவராயன் அதைப் பார்த்தார். ஒரு லட்சத்து இருபதாயிரத்தையும் பார்த்தார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கினார்.

மறுசுற்றிலும் வழி திறந்தது. காலைத் தூக்கினார். நடுவில் இன்னொரு கார் இஞ்சின் நின்று ஓரமாக ஒதுங்கியது. செலவில்லாமல் ஓர் இடம் கிடைத்ததில் கொள்முதல் அதிகாரிக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. வாடகைக் கோட்டு அக்குளில் அறுத்தது. ஒன்பது சுற்றிலும் அந்த வழி திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தது. அவர் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது.

கடைசிச் சுற்று. ஆதித்யா அகலமாகப் போனான். தாண்டவராயன் காலைத் தூக்கவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு பொருளை விலை கேட்காமல் வாங்கினார்.

உள்பக்கம் நுழைந்தார். பாதி கார் பக்கத்தில் வந்தபோது பையன் திரும்பினான். மட்கார்டு இல்லாத சக்கரம் மட்கார்டு இல்லாத சக்கரத்தை உரசியது. டங் என்று ஒரு சத்தம். காரின் இடது மூலை ஒரு அடி எம்பி விழுந்தது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மூக்கு கழன்று தரையில் இழுபட்டது. அப்படியே குறுக்காக நகர்ந்து தாண்டவராயன் முடிவுக் கோட்டைக் கடந்தார், ஆதித்யாவுக்கு அரைக் கார் முன்னால். எட்டாவது.

ஹெல்மெட்டுக்குள் அவர் என்ன கத்தினார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

பூபாலன் காரைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "கம்பி பூட்ச்சு. ரிம் பூட்ச்சு. மூக்கு சுத்தமா பூட்ச்சு. ஜாஸ்திதான் ஆவும் சார். உங்க மொகத்துக்காவ டெபாசிட்டோட முடிச்சிக்கலாம்."

ரத்னா அங்கேயே நின்று புரோக்கர் திருநாவுக்கரசுக்குப் போன் போட்டாள். இரண்டு வாரம் தவணை கேட்டாள். அந்தப் பக்கம் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. "சரிங்க. அட்வான்ஸையாவது பிடிக்காம குடுங்க" என்று சொல்லி வைத்தாள். மனை போயிற்று.

வேகன்-ஆர் கிளம்பியது. ஒரகடம் வந்தது. தாண்டவராயன் இருமிப் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்றார். ஏசியைக் கூட்டினார், குறைத்தார். சிங்கப்பெருமாள்கோயில் ரயில்வே கேட்டில் நின்றபோது மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தார், கேட் திறந்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி, பரனூர் டோலில் நின்று, மறுபடி கிளம்பினார்கள். அவள் ஜன்னல் வழியே வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொளவாய் ஏரி ஓரம் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பையன் எல்லா சுத்துலயும் அகலமாத்தான் போனான்."

"ஆமா."

"நான் எண்ணிக்கிட்டே நின்னேன். மூணாவது சுத்துலயே உள்ள வந்திருக்கலாம். தாராளமா வழி இருந்துச்சு."

"டெபாசிட்டை நினைச்சேன் ரத்னா."

"நினைச்சு என்ன ஆச்சு? எப்படியும் போகத்தான் போச்சு. அப்பவே அவனைத் தாண்டியிருந்தா முன்னாடி போன அந்த மஞ்ச வண்டியையும் பிடிச்சிருக்கலாம். அது தவண்டுக்கிட்டுதான் போச்சு. ஏழாவதா வந்திருப்பீங்க."

தாண்டவராயன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் ரத்னா.