ஆளுக்கொரு தீப்பெட்டி

இன்று தென்காசியில் ஒரு மளிகைக் கடை. ஆளில்லாத மலையிடுக்கு ஒன்றில் நாலைந்து நாள் நடப்பதற்காக, வடகரை ஊரைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி சாமான் வாங்கினார்கள்.

அவல், வெல்லம், தீப்பெட்டி எல்லாவற்றையும் மனைவி இரண்டிரண்டாக வாங்கித் தனித்தனிப் பையில் போட்டார்.

"என்னம்மா, பாகப்பிரிவினையா?" என்றார் கடைக்காரர்.

"போன தடவ இவிய கோவிச்சுக்கிட்டு, சாப்பாட்டுப் பையோட முன்னால போயிட்டாவ அண்ணாச்சி. பொழுதடையிற வரைக்கும் நான் பட்டினி."

"கோவமா? வழி பாக்கல்லா போனேன்!" என்றார் கணவர்.

"இனி எங்கன வேணாலும் போங்க. எனக்கு என் பை இருக்கு."

"கூடாரமும் ரெண்டா?" என்று, சாமான் வாங்கப் பக்கத்தில் நின்ற நான் கேட்டேன்.

"ஒண்ணுதான் சார். அது என் பையில."

கணவர் சிரித்தார்.

அவரை இந்தப் பெண் நம்புகிறாரா, இல்லையா? எனக்கும் கல்யாணமாகி வெகுகாலமாயிற்று, இருந்தும் விளங்கவில்லை. உங்களுக்கு?