தீபாவளி லீவில் மாட்டிய படங்கள்

ஓவியக் கல்லூரி முடித்து திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலுக்குத் திரும்பியபோது என் படங்களை வைக்க இடமில்லை. அப்பாவும் அம்மாவும் தெற்கேயிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவர்கள். ஒற்றை அறை லைன் வீடு. பெரிய படம் கதவுக்குள் நுழையாமல் வெளியே சாத்தியிருந்தேன். பக்கத்து வீட்டார் அதன்மேல் துண்டு காயப்போட்டார்கள். பகலெல்லாம் கம்பெனி கம்ப்யூட்டரில் குழந்தைகள் பனியனுக்குக் கரடி வரைந்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

என்னைப்போல் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, படிப்பு முடித்ததும் ஒரு வருடம் தங்கி வரைய இடம் தரும் கலைக்கூடம் கோவையில் இருந்தது. அதை நடத்துபவர் நேரில் வந்து படங்களைப் பார்ப்பாராம். எங்கே காட்டுவது? முதலாளியம்மாவிடம் கேட்டேன்.

"தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்கல்ல கண்ணு, செக்கிங் ஹால் சும்மாதான கெடக்கும். அங்க மாட்டிக்க," என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, தைத்த பனியனைச் சரிபார்க்கும் அந்த ஹாலில் ஆணி அடித்தேன். மாட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. பிசிறு வெட்டும் பெண்கள், அயர்ன் டேபிளில் அப்பா, பனியனை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடும் அம்மா என்று சுவரில் இருந்த அத்தனை பேரும் ஊருக்குப் போயிருந்தார்கள். திருப்பூரே காலியாகும் வாரத்தில் கண்காட்சி வைத்த புத்திசாலி நான் ஒருத்திதான்.

கோவைக்காரர் வந்து நிதானமாகப் பார்த்தார். இன்றே வண்டியில் ஏற்றலாம், நீயும் வந்துவிடு என்றார். படத்தில் இருக்கும் இவர்கள் ஊரிலிருந்து வந்து பார்க்கும்வரை பொறுங்கள் என்றேன். அவர் முகம் மாறியது.

"இந்த இடத்துக்கு நிறையப் பேர் காத்திருக்காங்கம்மா. நான் உறுதி சொல்ல முடியாது," என்று கிளம்பிவிட்டார்.

அப்பா ஊரில் இன்னும் இரண்டு நாள் தங்க, அம்மா மட்டும் முதலில் திரும்பினாள். அதுவரை ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவள் பஸ் இறங்கியதும் பையோடு இழுத்து வந்தேன். தன் படத்தின் முன் நின்றவள், "அவரு வந்தாரா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"எங்களுக்குக் காட்டவா அவரத் திருப்பி அனுப்புன? கூறு இருக்காட்டி ஒனக்கு? எம் மூஞ்சிய நான் தெனமும் கண்ணாடில பாக்கத்தான செய்யுதேன்."

"நீ பாக்கணும்னுதாம்மா நிறுத்தி வச்சேன்." எனக்கும் கோபம் வந்தது.

அவள் என்னைத் தெருமுனை காயின் போனுக்கு இழுத்துப் போனாள். கோவைக்காரர் எடுத்ததும் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயா, அவ அம்மா பேசறனுங்க. நான் வர்ற வரைக்கும் படத்தக் குடுக்கக் கூடாதுன்னு நாந்தானுங்க கண்டிசனாச் சொன்னேன். தப்பு என்ர பேர்லதானுங்க. புள்ளையக் கை வுட்றாதீங்க."

வீட்டில் ஒருநாளும் பேசாத கொங்குப் பேச்சு. சூப்பர்வைசரிடம்கூட அவள் இப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது.

ரிசீவரை வைத்துவிட்டு, "வண்டி அனுப்புதாராம். போய்ப் படத்தக் கட்டு," என்றாள்.

ஹாலுக்குப் போய் முதலில் அவள் படத்தைத்தான் இறக்கப் போனேன். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"இதக் கடைசியாக் கட்டு," என்றாள்.