விஸ்வலிங்கம் அத்தானும் தட்டு ஹெல்மெட்டும்

என் அக்கா கமலாம்பிகையின் புருஷன் விஸ்வலிங்கம் அத்தான் பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், குதிரைப் பந்தயத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். இதில் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால் அக்கா இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாள். அத்தான் செய்தது அதைவிடப் பெரிய காரியம். பிளாஸ்டிக் சிப்பாய்களுக்குத் தொப்பி திருத்துவது.

ஜெலுத்தோங் சந்தை வாசலில் ஹாங்காங் பொம்மைச் சிப்பாய்களைப் பை பையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். மற்ற வீட்டில் பிள்ளைகள் வாங்கித் தலையைக் கடித்துத் துப்பும். எங்கள் வீட்டில் அத்தான் வாங்கி வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். "அடப் பாவிங்களா! ஜெர்மன்காரன் தலையில அமெரிக்கன் ஹெல்மெட்டைக் கவுத்திருக்கான் பாரு! கேக்கறதுக்கு ஆளில்லன்னு நெனைச்சிட்டான்லா!" என்று கத்துவார். கேட்பதற்கு இவர் பிறந்திருக்கிறாரே! உடனே ஷேவிங் பிளேடால் தப்பான தொப்பியைச் சீவி எறிவார். மெழுகுவர்த்தியில் ஆணியைக் காய்ச்சி, பிளாஸ்டிக்கை உருக்கிச் சரியான தொப்பியை ஒட்டுவார். சிவப்பு வேண்டுமென்றால் மகள் சந்திரிகாவின் நகப்பூச்சு காலி. உலக யுத்தம் முடிந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. செத்தவனும் புகார் சொல்லவில்லை, பிழைத்தவனும் சொல்லவில்லை. ஃப்ளாட்டின் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு இவருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

தொலையட்டும், பொம்மையோடு நின்றால் பரவாயில்லை. சந்திரிகாவுக்கு முதலில் வந்த வரன் வீட்டுக்கு நாங்கள் போனபோது, கூடத்தில் நெப்போலியன் படம் மாட்டியிருந்தார்கள். நெப்போலியன் தொப்பியைக் குறுக்குவாட்டில் போடுவான், படத்தில் முன்பின்னாக இருக்கிறது என்று அத்தான் ஆரம்பித்தார். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை விளக்கினார். "யோசிச்சிட்டுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால்தான் சற்குணன் விஷயத்தில் நாங்கள் எல்லோரும் பயந்து செத்தோம். சற்குணன் சந்திரிகாவோடு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிற பையன். இருவருக்கும் பிடித்துப் போயிருந்தது. பையனின் அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா தலையாட்டினால் கல்யாணம். அந்த மனுஷரோ பழைய பட்டாளத்துக்காரர். நாற்பத்தொன்றில் ஜித்ராவில் ஜப்பான்காரனை எதிர்த்து நின்றவர் என்று ஊரெல்லாம் பேச்சு. பேச்சை ஊரெல்லாம் பரப்பியவரும் அவரே.

நவராத்திரிக்கு எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து வீட்டில் கும்பம் வைத்தால் போதும். ஆனால் எதிர்வீட்டுக் குணவதி கொலு வைக்கிறாளே, அக்கா சும்மா இருப்பாளா? நாங்களும் படி கட்டினோம். அதில் ஒரு சௌகரியம் உண்டு. "கொலு பாக்க வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் பெண் பார்க்க வரலாம். பிடிக்காவிட்டால் அவித்த கடலையைத் தின்றுவிட்டுப் போகலாம், யாருக்கும் அவமானமில்லை. அப்படித்தான் சற்குணன் வீட்டாரும் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

கடைசிப் படியில் தன் சிப்பாய்களை வைக்கவேண்டும் என்று அத்தான் அடம்பிடித்தார். அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்: தொப்பியைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சந்திரிகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அவரு என்ன சொன்னாலும் இந்தத் தடவை மட்டும் வாயத் திறக்காதீங்கப்பா. ப்ளீஸ்லா" என்றாள். அத்தான் அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

ஸ்ரீஸ்கந்தராஜா மனைவி மகனோடு வந்தார். மேல்படியில் முப்பெரும் தேவியர் வீற்றிருக்க, அந்த மனுஷரின் கண் நேராகக் கடைசிப் படிக்குப் போயிற்று. அத்தான் தட்டையான ஹெல்மெட் ஒட்டிவைத்திருந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயை எடுத்தார்.

"என்னங்க இது, தலையில சாப்பாட்டுத் தட்டு?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். இளவயது ஸ்ரீஸ்கந்தராஜா, மீசை, துப்பாக்கி. தலையில் காதுவரை இறங்கிய ஆமையோட்டு ஹெல்மெட். "நாப்பத்தொண்ணுல ஜித்ராவுல நாங்க போட்டது இதுதான். நல்லா பாத்துக்குங்க."

அத்தான் பார்த்தார். முகம் வெளிறிப் பிறகு சிவந்தது. தட்டிலிருந்த கடலையை இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. சத்தியத்தைக் காப்பாற்ற அந்தப் பாவிக்கு வேறு வழி தெரியவில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா அதோடு விட்டாரா? அத்தானின் தோளைத் தட்டி, "பரவால்லங்க விஸ்வலிங்கம். சண்டையைக் கண்ணால பாக்காதவங்களுக்குப் பொம்மைதானே தெரியும்?" என்று சிரித்தார்.

"இல்ல அங்கிள்!"

கத்தியது சந்திரிகா. "நாப்பத்தொண்ணுல தட்டு ஹெல்மெட்தான். வெள்ளைக்காரன் பினாங்க விட்டு ஓடினப்ப ரோட்டுல போட்டுட்டுப் போனத அப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்ப பொறுக்கிட்டு வந்திருக்காரு. வீட்டுல அதுலதான் கோழிக்குத் தவிடு வச்சாங்க. உங்க போட்டோவுல இருக்கிறது நாப்பத்திநாலுலதான் வந்துச்சு. எங்கப்பாவுக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க!"

அப்பனிடம் சத்தியம் வாங்கியவள் பேசுகிற பேச்சா இது! வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஸ்ரீஸ்கந்தராஜாவின் கையிலிருந்த போட்டோ மெல்லக் கீழே இறங்கியது. அவர் மனைவி கடலைத் தட்டையே பார்த்தாள். சற்குணன் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தான். பட்டாளத்துக்காரர் நாற்காலியின் பிடியில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். சந்திரிகாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது.

அத்தான் கடலையை விழுங்கினார்.

"சந்திரிகா, நீ சொல்றது தப்பும்மா" என்றார். "ஜித்ரா பக்கம் போன ஒரு படைக்கு மட்டும் புது ஹெல்மெட்டை முன்னாடியே குடுத்துட்டாங்க. நான் புத்தகத்துல படிச்சிருக்கேன். சார் சொல்றதுதான் சரி."

அப்படி ஒரு படையும் இல்லை, புத்தகமும் இல்லை. ஒரு பொம்மையின் தொப்பி விளிம்பு சற்றுக் கோணினாலே சோறு இறங்காத மனுஷர், கண்ணை இமைக்காமல் சொன்னார். ஸ்ரீஸ்கந்தராஜா ஊன்றிய கையை எடுத்து மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்படிச் சொல்லுங்க! பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா அப்பா அளவுக்கு விவரம் பத்தாது. அதனால என்ன, நம்ம வீட்டுக்கு வந்து கத்துக்கட்டும். தை மாசம் வச்சுக்கலாமா?"

அக்கா தேவிகள் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் காப்பி போட அடுப்படிக்குப் போனேன். அத்தானும் பின்னாலேயே வந்து சுவர் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்தார். நன்றாக நாலு வார்த்தை கிண்டல் செய்யவேண்டும் என்று திரும்பினேன். மனுஷர் அழுதுகொண்டிருந்தார்.

"அது நாப்பத்திநாலும்மா."

"தெரியும் அத்தான்."

"பிள்ள சரியாத்தான் சொன்னா. எனக்காகத்தான் சொன்னா. அத்தனை பேர் முன்னாடி தப்புன்னு சொல்லிட்டேனே!"

சந்திரிகா கோப்பை எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். எனக்கு இனி என்ன கிண்டல் வேண்டிக்கிடக்கிறது!

கூடத்திலிருந்து ஸ்ரீஸ்கந்தராஜாவின் குரல் கேட்டது. "சம்பந்தி! அந்தப் புத்தகம் பேரு என்ன? இங்க கொஞ்சம் வந்து சொல்லுங்க. என் சம்சாரம் நம்ப மாட்டேங்கறா!"

அத்தான் வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளின் தலையை மெதுவாக நகர்த்திவிட்டு, இரண்டாவது பொய்யைச் சொல்ல எழுந்து போனார்.