ஈரத்துக்கு எட்டு

என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று அச்சடித்திருக்கிறது. அது பொய். மெக்கானிக்கல் முடித்து வெளியே வந்தபோது கணக்கு இரண்டாம் தாள் மட்டும் அரியராக நின்றது. "நவம்பர்ல எழுதிப் பாஸ் பண்ணிப்போடுவா" என்று சொல்லி அப்பாதான் பி.இ. போடச் சொன்னார். நவம்பர் வந்தது, போனது. எழுதினேன், தோற்றேன். பிள்ளை பெற்றேன், மறுபடி எழுதினேன், மறுபடி தோற்றேன். பிறகு போதும்டா சாமி என்று விட்டுவிட்டேன்.

கல்யாண மண்டபத்தில் மாமா ஒருவர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, "பி.இ. சரி, சர்ட்டிபிகேட் எங்கப்பா?" என்று நாலு பேர் முன்னால் அப்பாவிடம் கேட்டுச் சிரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டதை மணவறையிலிருந்து பார்த்தேன். பதினான்கு வருடமாகிறது. அந்த மாமாவோடு இன்றுவரை நான் பேசுவதில்லை. அப்பாவும் பரீட்சை என்ற பேச்சையே என்னிடம் எடுப்பதில்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருக்கு மட்டும் இது பெரிய தமாஷ். "பொய்ப் பத்திரிகை அடிச்சு என்னைய ஏமாத்திப்போட்டாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவர்தான் முதலில் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்கிறதாம். இதற்குமேல் கிடையாதாம். "எழுதறயா, இல்ல பத்திரிகைய மாத்தி அடிக்கலாமா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே விண்ணப்பித்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. இன்னொரு தடவை அவரை ஏமாற்ற எனக்கு மனசு இல்லை.

நான் வேலை பார்ப்பது குன்னூரை அடுத்த ஜெகதளா பக்கம், ஒரு டீ ஃபேக்டரிக்கு இலை எடை போடும் கொட்டகையில். சுற்றிலும் உள்ள சிறு தோட்டக்காரர்கள் பச்சை இலையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். மழை நாளில் இலையோடு தண்ணீரும் எடையில் ஏறிவிடும். சாக்குக்குள் கையை விட்டு அளைந்து பார்த்து, நூற்றுக்கு இத்தனை கிலோ என்று கழித்து எழுத வேண்டும். நல்ல ஈரம் என்றால் எட்டு. ஒன்பது வருடமாக இதுதான் என் வேலை. என் கை சொன்னால் சொன்னதுதான். ஆனால் அதற்காக என்னோடு சண்டைக்கு வராத ஆள் இல்லை. அதிலும் அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு அக்கா இருக்கிறார். மழை பெய்தால் சாக்குக்கு முன்னாலேயே அவருடைய சத்தம் வந்து இறங்கிவிடும்.

காலை எடைக்கும் சாயங்கால எடைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் போனில் கணக்குப் போடத் தொடங்கினேன். என்ஜினியரிங் மாணவர்களுக்கென்றே பயிற்சிக் கேள்விகள் உள்ள ஓர் இணையதளம். விடையைத் தட்டினால் பச்சை டிக் அல்லது சிவப்புப் பெருக்கல் குறி. தப்பாகப் போட்டால் அதே கேள்வி வேறு எண்களோடு திரும்பி வரும். யாரும் திட்டமாட்டார்கள், பக்கத்து பெஞ்சுக்காரி சிரிக்கமாட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கல்லூரியில் பயந்து நடுங்கிய தொகையீடெல்லாம் டீ ஆறுவதற்குள் வந்து விழுந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வாரங்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

ஒரே ஒரு கட்டாயம். ஒரு பாடத்தில் பத்துக்குப் பத்து வாங்கினால்தான் அடுத்த பாடம் திறக்கும். வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் வந்து சிக்கிக்கொண்டேன். தொட்டியில் உப்புக் கரைவது சரி. காபி ஆறுவது சரி. ஈரப் பொருள் காற்றில் உலர்கிற கணக்கு மட்டும் சிவப்பு. முதல் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு ஈரம் போனால், மூன்று மணி நேரம் கழித்து எத்தனை கிலோ நீர் மிஞ்சும் என்று கேட்கும். எண்ணை மாற்றி மாற்றிக் கொடுத்தது. நானும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒன்பதுக்கு மேல் நகரவில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நான் ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்ட லாப்லாஸ் பாடம் அடுத்ததாகப் பூட்டிக் கிடந்தது.

சூத்திரம் சரி, பெருக்கல் சரி. அப்படியானால் தப்பு அவர்களுடையதுதானே? விறுவிறுவென்று அந்த இணையதளத்துக்கு எழுதிவிட்டேன். உங்கள் விடை தவறு, ஈரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம், தினமும் ஈர இலையை எடை போடுகிறவள் நான் என்று. என்ன திமிர்! மறுநாள் பதில் வந்தது. வெகு மரியாதையாக, நீங்கள் கணக்குப் போட்ட தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள்.

அனுப்புவதற்காக வெள்ளைத் தாளில் அழகாக எழுதினேன். நூறு கிலோ நீர், முதல் ஒரு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. என் விடை 47.1. அவர்கள் விடை 51.2. தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனை எடுக்கும்போது அந்த அக்கா சாக்கோடு உள்ளே வந்தார். வெளியே நல்ல தூறல்.

"என்னுங்க அம்மிணி, நம்ம எடைச் சிட்டையா இது?" என்று தாளை எட்டிப் பார்த்தார்.

"இல்லீங்கக்கா, இது பரீட்சைக் கணக்கு. உங்களுக்குப் புரியாது."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் தாளைக் கையிலேயே எடுத்துக்கொண்டார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நூறுக்குக் கீழே என்ன எழுதுகிறேன் என்று ஒன்பது வருடமாகப் பார்த்துப் பழகிய கண்.

"மேல நூறுன்னு போட்டிருக்குது. கீழ தொண்ணூத்திரண்டுன்னு எழுதியிருக்கறீங்க. மிச்சம் எட்டு எங்க போச்சு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே தொண்ணூற்றிரண்டு. ஈரம் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக எட்டைக் கழித்திருக்கிறது. அன்று மட்டுமல்ல, கணக்குப் போட்டுப் பார்த்த நோட்டைப் புரட்டினால் எல்லா ஈரக் கணக்கிலும் அதே கழிவு! ஒரு தடவைகூட நான் அதைக் கவனிக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா சாக்கின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "எங்க இலையிலதான் கழிக்கறீங்கன்னு பார்த்தா, கணக்குப் பரீட்சையிலயும் கழிச்சுப்போட்டீங்களே! அந்தப் போன்காரனாச்சும் தப்புன்னு சொன்னான். நாங்க சொன்னா கேட்டீங்களா?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? அன்று அவருடைய சாக்குக்குள் இரண்டு தடவை கையை விட்டுப் பார்த்தேன். ஆறுதான் இருந்தது. ஆறு என்றே எழுதினேன். மத்தியானம் பத்துக்குப் பத்து விழுந்து லாப்லாஸ் திறந்தது. இணையதளத்துக்கு ஒரு மன்னிப்பும் எழுதிப்போட்டேன்.

பரீட்சை கோயம்புத்தூரில். அவ்வளவு பாடுபட்டதற்கு ஈரக் கணக்கு ஒன்றுகூட வரவில்லை. லாப்லாஸ் மட்டும் இரண்டு பெரிய கேள்வி வந்தது.

முடிவு வந்த அன்று மழை. சாயங்கால எடைக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. போனில் தேர்ச்சி என்று பார்த்ததும் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முதலில் கேட்டவர் அந்த அக்காதான். "பாஸ்ங்களா? அட, என்ற சாக்கு முன்னால வைங்க, என்ஜினியர் கையால எடை போடட்டும்" என்று எல்லோரையும் விலக்கினார். சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எட்டு என்றேன். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக.

வரிசை முடிந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். இத்தலாரிலிருந்து வந்த கேரட் மூட்டை இறங்குகிற சத்தம் கேட்டது.

"பாஸ் ஆயிட்டேனுங்கப்பா."

"எதுல சாமி?"

"அந்தக் கணக்குப் பேப்பருங்கப்பா. எல்லாம் முடிஞ்சுது."

மூட்டை இறக்குகிறவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்வது கேட்டது.

"அதான் பத்திரிகையில அன்னைக்கே போட்டுட்டனே" என்றார். "சரி, போனை வை. சர்ட்டிபிகேட் கேட்ட உங்க மாமனுக்கு நான் சொல்லோணும்."