டிரைவர்களுக்கு வைத்த முகாமில் நான் தப்பித்தேன்

சங்ககிரியில் எங்கள் லாரி புக்கிங் ஆபீஸை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே லோடு பேசி முடிந்தால், சரக்கு அனுப்பும் பார்ட்டியோடு டீ குடித்தே ஆக வேண்டும். மறுத்தால் அவர் முகம் சுருங்கிவிடும். நாள் முழுக்க நாற்காலியும் சர்க்கரை தூக்கலான டீயும்தான்!

சென்ற மாதம் டிரைவர்களுக்காக ஆர்வமாக மருத்துவ முகாம் நடத்தினேன். இடுப்பளவு எடுக்க எல்லோரும் கூச்சப்பட்டார்கள். டிரைவர் பழனியண்ணன், "மொதல்ல நீங்க நில்லுங்க சாமி, உங்க வண்டிதான் ஓவர்லோடு!" என்று கிண்டலடிக்க, சிரித்தபடி நின்றேன்.

இடுப்பளவு, ரத்த அழுத்தம் இரண்டுமே அதிகம். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் கொழுப்பும் எல்லை தாண்டியிருந்தன.

"எனக்கு இருபத்தேழுதானுங்க ஆகுது!"

"தனித்தனியா எல்லாமே கொஞ்சந்தாங்க. ஒண்ணு சேர்ந்தா மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோயிரும். நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது, சரிபண்ணிக்கலாம்" என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் லோடு பேசி முடிந்ததும், டீக்குப் பதிலாக, "வாங்க, நடந்துபோய் வண்டியப் பார்த்துட்டு வரலாமுங்க" என்று பார்ட்டியை அழைத்துப் போகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஊசிக்குப் போகாமலே சர்க்கரை இறங்கி வருகிறது.

பழனியண்ணனுக்கு நன்றி சொல்லப் போனேன். அவருக்கும் அன்று முகாமில் ரத்த அழுத்தம் அதிகமாம்; மாத்திரை தொடங்கியிருக்கிறார். "நீங்க முகாம் வெக்காட்டி எனக்கெங்கீங்க தெரிஞ்சிருக்கும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.