அம்மா அள்ளிவந்த கறுப்பு மண்

போன வாரம் மலாக்கா டவுனில் பூச்செடிக் கடையொன்றில் மண்புழு உரம் என்று ஒரு பையை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. மூக்கை வைத்து முகர்ந்தேன். கடைக்காரப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். மழை விட்ட பிறகு செம்பனைக் காட்டில் ஓலை அடுக்கைப் புரட்டினால் ஒரு வாசனை வருமே, அதில் பாதியாவது அந்தப் பைக்குள் இருந்தது.

தோட்டத்துப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் எடுக்கிற செம்பனையில் குலை வெட்டும்போது அடியோலைகளையும் வெட்டி, இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவில் நீளமாக அடுக்கிவிடுவார்கள். அது அங்கேயே கிடந்து மக்கும். தொண்ணூறுகளில் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தோம். அடுக்குப் பக்கம் போனால் பாம்பு கடிக்கும் என்று எங்களை மிரட்டி வைத்திருந்தார்கள். நான் பாம்பு வரைக்கும் போகவே வேண்டாம், மண்புழுவைப் பார்த்தாலே ஓட்டம் பிடிப்பேன்.

அப்பாவுக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் புல்லைக் கொன்றுவிட்டு வருவார். அவருக்கு மட்டுமல்ல, லயத்தில் எல்லோருக்குமே சுத்தம் என்றால் புல் பூண்டு இல்லாத வெறும் தரைதான். விழுந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாத வீட்டுக்குச் சோம்பேறி வீடு என்று பெயர்.

அக்காவைப் பெண் பார்க்க லூபோக் சீனாவிலிருந்து வருகிறார்கள் என்றதும் அப்பாவுக்குக் கை பரபரத்தது. பம்பில் மிஞ்சிய மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லை முழுக்க அடித்துவிட்டார். அம்மாவின் வாழைகள் நின்றது அங்கேதான். மகள் கல்யாணத்துக்கு வாசலில் கட்டும் குலை தள்ளிய வாழை இரண்டும் தன் கொல்லையில் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்று அம்மாவுக்கு வெகுநாள் ஆசை.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. அடுத்த தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். கொல்லையிலோ வாழை இலைகள் வெந்து கருகின. புல் போன தரை வெயிலிலும் மழையிலும் மாறி மாறி அடிபட்டு இறுகிப்போனது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் கால்வாய்க்கு ஓடியது.

"சுத்தமாதானே செஞ்சேன்," என்றார் அப்பா.

"ஆமா, மண்ணே செத்துப்போற அளவுக்கு செஞ்சிட்டீங்க. இனி நான் வாழைக்கு எங்க போவேன்?" அம்மா அழுதேவிட்டாள்.

மறுநாள் உரச்சாக்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஓலை அடுக்குக்குப் போனாள். அதன் ஓரத்தில் தானாக முளைத்த கீரை எப்போதும் தளதளவென்று இருக்குமாம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஓலையைப் புரட்டினாள். அடியில் கறுப்பு மண். மக்கிய மட்டைகளைத் தைத்து வைத்தது போல வெள்ளை வெள்ளையாக நூல்கள். பொடிக் காளான்கள், சுருண்டுகொண்ட மரவட்டைகள், கொழுத்த மண்புழுக்கள். நான் பின்னால் நகர்ந்து ஓலை முள்ளில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எல்லாவற்றையும் உயிரோடு அள்ளிவந்து வாழையைச் சுற்றிக் கொட்டி, மேலே காய்ந்த ஓலையைப் போட்டு மூடினாள்.

அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா வேலியோரம் வந்து பார்த்தார். "என்னக்கா இது, கல்யாண வீட்டுல யாராச்சும் குப்பைய கொட்டுவாங்களா? பாம்பு வந்து படுத்துக்கும் லா."

"வரட்டும் ஸ்டெல்லா. மொய் வெச்சிட்டு போவட்டும்."

அப்பா சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சாயங்காலம் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு வந்து இறங்கியது. உள்ளே அதே கறுப்பு மண். வாழையடியில் கொட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

அதன்பிறகு வேலை செய்ததெல்லாம் மண்ணுக்குள் இருந்தவர்கள்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுக்காமலே இவ்வளவு வேலை பார்த்த ஆட்களை அந்தத் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை. கருகிய வாழைகளின் அடியிலிருந்து புதுக்கன்றுகள் கிளம்பின. தரையெல்லாம் புழு தள்ளிய மண்ணுருண்டைகள். விரலை வைத்தால் விரல் உள்ளே போனது. பெய்த மழை பெய்த இடத்திலேயே இறங்கியது.

அது இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்த வருடம். வானம் சாம்பலாகி, மழை ஏமாற்றி, லயத்து வாழையெல்லாம் தலை தொங்கின. அம்மாவின் வாழைகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. ஓலையை விலக்கினால் உள்ளே ஈரம். அந்த வெள்ளை நூல்கள் பூஞ்சைகள் என்றும், மக்கியதைத் தின்று வேருக்கு ஊட்டிவிடுகின்றன என்றும், புழு போன வழியில்தான் காற்றும் தண்ணீரும் போகின்றன என்றும் பல வருடம் கழித்துப் படித்தேன். எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றி யாரோ எழுதியது போலப் பெருமையாக இருந்தது.

தையில் இரண்டு மரமும் குலையோடு, அடியில் ஒட்டிய மண்ணோடு, தோட்டத்து மண்டப வாசலில் நின்றன.

"எந்த பசார்ல வாங்குனீங்க?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.

"பசாரா? எங்க கொல்ல," என்றாள் அம்மா. அன்று பெண்ணைக் காட்டியதைவிட வாழையைத்தான் அதிகம் காட்டினாள்.

சில வருடங்களில் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மேல்மண்ணை இயந்திரத்தால் வழித்து லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். செம்மண்ணைக் கொட்டி உருளை ஓட்டினார்கள். ஓலை அடுக்கு, கொல்லை, லயம் எதுவும் இன்று இல்லை. நாங்கள் டவுனில் மூன்றாம் மாடிக்கு வந்தோம். என் கல்யாணத்துக்கு அப்பா பசாரிலிருந்து வாழை வாங்கிவந்தார். நல்ல குலைதான். அம்மா குனிந்து அடியைத் தடவிப் பார்த்தாள். கழுவிச் சீவியிருந்தார்கள், ஒரு பொட்டு மண் இல்லை. கட்டி முடித்த பிறகு அன்று முழுக்க அவள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை.