சயாம் ராஜாவும் பூனாகலைப் பரிவட்டமும்

காலை 6.40, பதுளை பஸ் நிலையம். ஆறேகாலுக்குப் புறப்பட வேண்டிய பண்டாரவளை பஸ்ஸின் டிரைவர் இன்னும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டால், "போவோம், போவோம்" என்றார். டிக்கெட் இரண்டு ரூபாய் நாற்பது சதம். பதினெட்டு மைலுக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்று சொன்னவனைப் பிடித்து உதைக்க வேண்டும்.

மடியில் ஒரு தகரப்பெட்டி. பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் நான் சரக்கு பார்க்கப் பாங்கொக் போய்ப் பத்து நாள் தங்கினேன். அரண்மனையைப் பார்த்து, இந்தப் பெட்டியில் நாற்பது ஸ்லைடுப் படங்களோடு திரும்பினேன். அன்றிலிருந்து என்னிடம் அகப்பட்டவர் யாரும் தப்பியதில்லை. பூனாகலைத் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் தாமாகவே வந்து மாட்டிக்கொண்டார். சயாம் ராஜாக்களின் கதையைப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்ல வேண்டுமாம்.

10.50. பண்டாரவளையில் பஸ் மாறி, மூடுபனியில் ஒன்பது மைல் ஊர்ந்து, பூனாகலை வந்து சேர்ந்தேன். பள்ளியில் மின்சாரம் இல்லை. அதை ஒரு கடுதாசியில் எழுதியிருக்கக் கூடாதா? போதாக்குறைக்கு அன்றுதான் மாரியம்மன் தேர்த் திருவிழா. ஆனால் தேர் நகரவில்லை. தலைமையாசிரியர் என்னை அப்படியே கோயில் முற்றத்துக்கு அழைத்துப்போய், "சனம் சும்மாத்தான் இருக்கு, இங்கேயே சொல்லிருங்க" என்றார். தேர் ஏன் நிற்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படமில்லாமல் வாயால் ஆரம்பித்தேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சயாமில் ஒரு ராஜா வாரிசைச் சொல்லாமல் இறந்துபோனார். பட்டத்து ராணியின் மகன் இளையவர். வேறொரு மனைவிக்குப் பிறந்தவர் மூத்தவர். இதுவரை வந்ததுமே கூட்டம் கப்சிப் ஆகிவிட்டது. என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கு முடி சூட்டினார்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மூத்தவருக்கு என்றேன். பாதிக் கூட்டம் கை தட்டியது, மீதிப் பாதி எழுந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஒருவர், "இந்தக் கதயச் சொல்லச் சொல்லி எங்கண்ணன் கூட்டிக்கிட்டு வந்தாரா ஒங்கள?" என்று கேட்டார்.

அப்புறம்தான் தலைமையாசிரியர் என் காதில் ஓதினார். கேட்டவர் ராமசாமி, தோட்டத்து ஆட்களை மேய்த்து, போன மழைக்காலத்தில் இறந்த பெரிய கங்காணிக்கு மூத்த தாரத்து மகன். அந்தத் தாரத்துக்கு நெடுநாள் பிள்ளை இல்லாததால், இளைய தாரத்து மகன் கருப்பையா முந்திப் பிறந்துவிட்டார். கோயில் மரியாதையாகக் கங்காணி தலையில் கட்டிவந்த பட்டுப் பரிவட்டம் இனி யார் தலைக்கு என்று முடிவாகாமல் தேர் வடத்தைத் தொடக் கூடாதாம். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி கருப்பையாவுக்கு இந்தியாவுக்குப் போகும்படி பத்திரம் வந்துவிட்டது, அடுத்த மாதம் கப்பல். ராமசாமிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கருப்பையாவுக்கு இதுதான் கடைசித் திருவிழா. ஊரே வாய் மூடியிருந்த விஷயத்தில் நான் போய்த் தலையைக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியரை அங்கேயே நாலு கேள்வி கேட்கத் தோன்றியது.

வேறு வழியில்லாமல் மீதிக் கதையையும் சொன்னேன். இளையவர் சண்டைக்குப் போகவில்லை. துறவியாகவே இருபத்தேழு வருஷம் விகாரையில் இருந்தார். மூத்தவர் இறந்தபின் மந்திரிகள் தேடிப் போய் அவரை அழைத்துவந்து ராஜாவாக்கினார்கள்.

 ராமசாமி எழுந்து தேரடிக்குப் போனார். பிறகு பூசாரியிடம், "அண்ணனுக்கே கட்டுங்க. நான் ஒரு வருசந்தான காத்திருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு வடத்தின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மாலை 4.10. தேர் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிவந்து நிலை சேர்ந்தது. வழியனுப்ப வந்த கருப்பையா பரிவட்டத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. பஸ் ஏறுமுன் என்னிடம் ஒன்று கேட்டார்.

"சயாமுல அந்த மூத்த ராசா செத்துத்தான எறங்குனாரு?"

ஆமாம் என்றேன்.

"நான் உசுரோடயே எறங்குறேங்க."

பதுளை வரை இருபத்தேழு மைல். பஸ் இரண்டு இடத்தில் நின்று மக்கர் செய்தது. எனக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. ஒரே லயத்தில் பிறந்த இருவரில் ஒருவனைக் கப்பலேற்றும் அந்தப் பத்திரத்தை எழுதியவன்மேல்தான் வந்தது. அவன் அந்த பஸ்ஸில் இல்லை.